கடலும் கரையும்: நீச்சல் வீரர் மிஹிர் சென்

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூருக்கு நம் தமிழ்த்துறை மாணவர்களை ஒருமுறை அழைத்துச் சென்றிருந்தோம். சிற்றிலக்கிய வகுப்பில் கலம்பகம் பாடமாக இருந்தது. இரட்டைப்புலவர் பாடிய திருவாமாத்தூர்க் கலம்பகத்தை நூலளவில் கற்பதோடு நில்லாமல், பாடப்பெற்ற ஊரையும் மாணவர் காணவேண்டும் என்பது நம் விருப்பம். அபிராமேசுவரர் கோயிலைக் கண்டபின் பம்பையாற்றங்கரைக்கு வந்தோம். ஒருவர் கண்ணிழந்தவர், மற்றவர் கால் முடமானவர். கண்ணிழந்தவர் தோளில் கால் முடமானவர் அமர்ந்து ஊர் ஊராகச் சென்று பாடினர் என்பதையும், ஆறு இருக்கும் திசையை இவர்கள் தம் பாட்டில் மாற்றிப் பாடிவிட, அந்தப் பாட்டுக்கு இணங்க ஆறே தன் போக்கை மாற்றிக்கொண்டது என்னும் செவிவழிக் கதையையும் அங்கே நின்று சொன்னோம். கேட்ட மாணவர் சிரித்தனர். திசை மாறுவதற்கு ஆற்றில் நீர் வேண்டுமே என்பது அவர்கள் சிரிப்பின் பொருள். அன்று பம்பையில் மணலும் முட்செடியுமே இருந்தன.

பேச்சு ஆற்றிலிருந்து வெள்ளத்திற்கும், வெள்ளத்திலிருந்து நீச்சலுக்கும் சென்றது. 2024 ஆம் ஆண்டின் இறுதியில் பெஞ்சல் புயல் கொட்டிய மழையில் விழுப்புரம் மாவட்டம் வெள்ளக்காடானதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். ஆண்டின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் நம் ஆறுகளும் ஏரிகளும் மழைக்காலத்தில் பிள்ளைகளைக் காவு கொள்வதும் நாம் அறியாததன்று. உங்களுள் நீந்தத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று கேட்டோம். நாற்பது பேரில் ஐந்தாறு கைகளே உயர்ந்தன. சிறுவயதில் கற்றிருக்க வேண்டும், இனி எங்கே கற்பது, காலம் கடந்துவிட்டது என்றான் ஒரு மாணவன். அவனுக்கு வயது பத்தொன்பது.

அப்போது நம் நினைவுக்கு வந்தவர் மிஹிர் சென். ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் இந்தியர் இவர். ஒரே ஆண்டில் ஐந்து கடல்வழிகளை நீந்தி உலகை வியக்க வைத்தவர். ஆனால் இவர் முறையாக நீச்சல் பயிலத் தொடங்கியது இருபது வயதைக் கடந்த பின்னரே. பேருந்தில் திரும்பும் வழியில் இவர் கதையைச் சொல்லத் தொடங்கினோம். ஊர் வந்தும் கதை முடியவில்லை. முழுமையாக எழுதித் தருமாறு மாணவர் கேட்டதன் பயனே இக்கட்டுரை.

மிஹிர் சென் 1930 நவம்பர் 16 ஆம் நாள் புருலியாவில் பிறந்தார். இன்று மேற்கு வங்கத்தில் உள்ள அவ்வூர் அக்காலத்தில் பீகார் மாகாணத்து மான்பூம் மாவட்டத்தைச் சேர்ந்தது. கடற்கரையிலிருந்து வெகுதொலைவில் உள்ள வறண்ட நிலப்பகுதி அது. கடலை வென்றவர் ஒருவர் அங்குத் தோன்றினார் என்பது வியப்புக்குரியதே. குடும்பத்தில் வறுமை மிகுந்திருந்தது. தந்தையார் ரமேஷ் சென்குப்தா, தாயார் லீலாவதி. மகனுக்கு எட்டு வயதானபோது, நல்ல பள்ளிகள் உள்ள இடத்திற்குச் செல்லவேண்டும் என்று முடிவுசெய்து குடும்பத்தைக் கட்டாக் நகருக்குக் கொண்டுசென்றவர் தாயாரே. பிள்ளையின் படிப்பை முன்னிட்டு ஊரையே விட்டுப் பெயர்ந்த தாய்மார் நம் பகுதியிலும் பலர் உளர். அவ்வுறுதியின் அருமையை அவர்கள் நன்கறிவர்.

உத்கல் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்ற மிஹிர், இலண்டன் சென்று பாரிஸ்டர் ஆகவேண்டும் என்று விரும்பினார். விருப்பம் இருந்தது, கப்பலுக்குக் கட்டணம் இல்லை. பின்னாளில் ஒரிசாவின் முதலமைச்சராக விளங்கிய பிஜு பட்நாயக்கிடம் சென்று உதவி கேட்டார். ஒருநாள் கேட்டு ஒருநாள் பெற்ற உதவியன்று அது. பல மாதங்கள் விடாமல் சென்று வேண்டிய பின்னரே அப்பெருந்தகை இரங்கினார். பத்துப் பவுன் பணமும், போவதற்கு மட்டுமான மூன்றாம் வகுப்புக் கப்பற் சீட்டும் கிடைத்தன. திரும்பி வருவதற்குச் சீட்டு இல்லை. 1950 இல் மிஹிர் சென் கப்பலேறினார்.

இலண்டனில் இவர் முதலில் பார்த்த வேலை இரயில் நிலையத்தில் இரவு நேரச் சுமைதூக்கி வேலை. பின்னர் இந்தியத் தூதரகமாகிய இந்தியா இல்லத்தில் பணி கிடைத்தது. 1950 நவம்பரில் லிங்கன்ஸ் இன் சட்டக் கழகத்தில் சேர்ந்தார். பகல் முழுதும் அலுவலகத்தில் இருந்தமையால் வகுப்புகளுக்குச் செல்ல இயலவில்லை. நூலகத்திலிருந்து புத்தகங்களை வாங்கிவந்து இரவில் தாமே படித்தார். 1954 இல் பாரிஸ்டர் பட்டம் பெற்றார். பகலில் வேலை, இரவில் படிப்பு என்று வாழும் மாணவர் நம் கல்லூரியிலும் இருக்கின்றனர். வகுப்பில் அவர்கள் கண்ணயரும்போது நாம் சினங்கொள்ளாமல் இருப்பதற்கு இத்தகைய வரலாறுகளும் ஒரு காரணம்.

அந்நாளில் ஒரு கட்டுரை இவர் கண்ணிற்பட்டது. 1950 இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த அமெரிக்கப் பெண்மணி புளோரன்ஸ் சாட்விக் பற்றிய கட்டுரை அது. அதைப் படித்த மிஹிர் சென்னின் உள்ளத்தில் ஓர் எண்ணம் வேரூன்றியது. விடுதலை பெற்றுச் சில ஆண்டுகளே ஆன இந்தியாவின் பெயரால் தாமும் அக்கால்வாயைக் கடக்கவேண்டும் என்பதே அது. ஆனால் அப்போது இவர் நீச்சலில் தேர்ந்தவர் அல்லர். இலண்டனில் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் நீச்சற் குளத்திற்குச் சென்று, கைகளை மாற்றி மாற்றி வீசி முன்னேறும் நீச்சல் முறையைத் தொடக்கத்திலிருந்து கற்றார். வழக்கறிஞர் பட்டத்திற்குப் படித்தவர் நீச்சற் குளத்தில் மாணவராக நிற்பதற்கு நாணவில்லை என்பதை நாம் தனியே எண்ணிப் பார்க்கலாம். வயது வந்தவர் புதிதாக ஒன்றைக் கற்கத் தயங்குவதற்குக் காலமின்மையைக் காரணம் காட்டுவர். உண்மைக் காரணம் பெரும்பாலும் நாணமே.

ஆங்கிலக் கால்வாய் என்னும் பெயரைக் கேட்டு அதனை ஏதோ வாய்க்கால் என்று எண்ணிவிடலாகாது. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட அக்கடல், மிகக் குறுகிய இடத்திலேயே ஏறத்தாழ 34 கிலோமீட்டர் அகலமுடையது. 1875 இல் மாத்யூ வெப் என்பவர் முதன்முதலாக அதனை நீந்திக் கடந்தபோது ஏறத்தாழ 22 மணி நேரம் ஆயிற்று. கோடையிலும் அந்நீர் குளிர்ந்தே இருக்கும். உடலின் வெப்பம் மெல்ல மெல்ல இழுக்கப்பட்டு, கை கால்கள் மரத்து, அறிவு மயங்கும் நிலை வரும். நீந்துபவர் உடம்பில் கொழுப்பைத் தடவிக்கொள்ளலாம்; குளிர்காக்கும் உடை அணியலாகாது. உடன்வரும் படகைத் தொடலாகாது. தொட்டால் முயற்சி அவ்வளவில் முடிந்தது. உணவையும் நீரையும் நீரில் மிதந்தபடியே பெற்று உண்ணவேண்டும். இவை எல்லாவற்றினும் கொடியது நீரோட்டம். கடல் ஏற்றத்தாலும் இறக்கத்தாலும் நீர் ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை திசைமாறிப் பக்கவாட்டில் இழுத்துச் செல்லும். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியும். கை சலிக்காமல் நீந்திக்கொண்டே இருந்தும் கரை அணுகாது. உடல் வலிமை மிக்கவர் பலரும் கரைக்கு அருகே வந்த பின்னரே தோற்றிருக்கின்றனர்.

மிஹிர் சென்னும் முதலில் தோற்றார். ஒருமுறை அன்று, சில முறை. ஒவ்வொரு முறையும் துணைப்படகிற்கும் வழிகாட்டிக்கும் பணம் வேண்டும். அதனை மீண்டும் ஈட்டவேண்டும். ஒரு கோடை தவறினால் அடுத்த கோடை வரையில் காத்திருக்கவேண்டும். இந்நிலையில் 1958 ஆகஸ்டு 23 ஆம் நாள், டாக்காவைச் சேர்ந்த பிரஜேன் தாஸ் என்னும் வங்காளியர் கால்வாயைக் கடந்துவிட்டார். ஆசியாவிலிருந்து முதன்முதலாகக் கடந்தவர் என்னும் புகழ், அன்று கிழக்குப் பாகிஸ்தானின் சார்பில் நீந்திய அவருக்குச் சென்றது. பல ஆண்டுகள் உழைத்த ஒருவருக்கு ஒரு மாத இடைவெளியில் முதலிடம் போயிற்று. மனந்தளர்ந்து ஊர் திரும்பியிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மிஹிர் சென் மீண்டும் டோவர் கடற்கரைக்குச் சென்றார். 1958 செப்டம்பர் 27 ஆம் நாள் 14 மணி 45 நிமிடத்தில் பிரான்சுக் கரையை அடைந்தார். கால்வாயைக் கடந்த முதல் இந்தியர் ஆனார். 1959 இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆரதி சாகா கால்வாயைக் கடந்து, ஆசியப் பெண்களுள் முதல்வர் ஆனார். அம்மையாரின் முயற்சிக்குத் துணை நின்றவர்களுள் மிஹிர் சென்னும் ஒருவர்.

இலண்டனில் தாம் மணந்த பெல்லா என்னும் அம்மையாருடன் இந்தியா திரும்பினார். நாட்டிற்குப் பெருமை தேடித்தந்து வந்தவருக்குத் தாய்நாட்டில் கிடைத்த வரவேற்பு ஒன்றை இங்குச் சொல்லியாக வேண்டும். வெள்ளையருக்கு மட்டுமே இடம் என்னும் பழைய விதியைக் காட்டி, மன்றம் ஒன்றில் இவருக்கு நுழைவு மறுக்கப்பட்டது. விடுதலை பெற்று 11 ஆண்டுகள் கழிந்த பின்னர் நிகழ்ந்தது இது. இங்கிலாந்தின் கடலில் இறங்க இவருக்குத் தடையில்லை. இந்திய நாட்டு மன்றத்தின் வாயிலில் தடை இருந்தது. மிஹிர் சென் வாளாவிருக்கவில்லை. செய்தித்தாள்கள் வாயிலாகப் பெரும் இயக்கமே நடத்தி, அத்தகைய விதி ஒழியக் காரணமானார். நம் கருத்தில் இவ்வெற்றி கால்வாய் வெற்றிக்குச் சிறிதும் குறைந்ததன்று.

கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞராகச் சில காலம் பணியாற்றிய பின், பட்டு ஏற்றுமதி வணிகத்தில் ஈடுபட்டுச் செல்வம் ஈட்டினார். வறுமை நீங்கியது. வேறொருவராயின் பழைய பதக்கத்தைச் சுவரில் மாட்டிவிட்டு வணிகத்தைக் கவனித்திருப்பார். இவருக்கோ கடல் நினைவு அகலவில்லை. 1966 இல், தம் 35 ஆம் வயதில், மீண்டும் நீரில் இறங்கினார். இம்முறை முதலிற் கடந்தது நம் தமிழகக் கடல்.

இலங்கையின் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்துவது இவர் திட்டம். நேர்க்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 30 கிலோமீட்டரே வரும். ஆனால் அக்கடலின் இயல்பை நம் கடற்கரை ஊர் மக்கள் அறிவர். ஒருபுறம் பாக் நீரிணை, மறுபுறம் மன்னார் வளைகுடா. இடையே மணல் திட்டுகளின் வரிசை. திட்டுகளின் இடைவெளிகளில் நீர் ஆறுபோல் பாயும். சுறாவும் கடற்பாம்பும் சொறிமீனும் உண்டு. இந்து சமயத்தார் இத்திட்டுகளைச் சேது என்று போற்றுவர். ஆதம் பாலம் என்பது நம் முன்னோரும் ஐரோப்பியரும் வழங்கிய பெயர். ஆதி பிதா ஆதம் அலைஹிஸ்ஸலாம் அவர்கள் இறங்கியதாகச் சொல்லப்படும் சரந்தீபுக்கும் நம் நாட்டுக்கும் இடையிலுள்ள வழி என்பதால் அப்பெயர் பொருத்தமாகவே அமைந்தது. இராமேசுவரத்தில் ஆபில், காபில் ஆகியோரின் அடக்கத்தலம் என்று மக்கள் கொண்டாடும் இடமும் உள்ளது.

கடலைக் காட்டிலும் பெரிய தடை கரையில் இருந்தது. கடற்படை உடன்வந்து வழிகாட்டவும் அளந்து பதிவுசெய்யவும் 45,000 ரூபாய் முன்பணமாகக் கட்டவேண்டியிருந்தது. 1966 இல் அத்தொகையின் மதிப்பு என்ன என்பதைப் பெரியோர் அறிவர். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழின் ஆதரவால் பாதித் தொகை திரண்டது. எஞ்சியதற்கு அவ்வாண்டு சனவரியில் பிரதமர் பொறுப்பேற்றிருந்த இந்திரா காந்தி அம்மையார் உதவினார். கடற்படைக் கப்பல்களான சுகன்யாவும் சாரதாவும் துணைக்கு வந்தன.

1966 ஏப்ரல் 5 ஆம் நாள் தலைமன்னார்க் கரையில் மிஹிர் சென் நீரில் இறங்கினார். இரு பருவக் காற்றுகளுக்கு இடையே கடல் ஓரளவு அடங்கியிருக்கும் மாதம் அது. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து சில நாள்களே ஆகியிருந்தன. எனவே நிலா நிறைந்திருந்த காலம். இரவில் நீந்துபவருக்கு நிலவொளி ஒரு துணை. ஆயினும் முழுமதிக் காலத்தில்தான் கடலின் ஏற்ற இறக்கமும் மிகும். ஒரு பகலும் ஓர் இரவும் முழுமையாக நீரில் கழிந்தன. கால்வாயில் குளிர் வருத்தியது என்றால், இங்கே வருத்தியது வெயிலும் உப்பும். மறுநாள் 25 மணி 36 நிமிடம் கடந்தபின் தனுஷ்கோடியில் கரையேறினார். கால்வாயைவிடக் குறைந்த தொலைவைக் கடக்க அதனினும் 10 மணி நேரத்திற்கு மேல் மிகுதியாக ஆயிற்று என்பதே அந்நீரோட்டத்தின் வலிமைக்குச் சான்று.

இவர் கரையேறிய தனுஷ்கோடி எத்தகையது? 1964 டிசம்பர் 22 ஆம் நாள் நள்ளிரவையொட்டி வீசிய புயலில் அவ்வூர் அழிந்துவிட்டது. பாம்பனிலிருந்து சென்ற இரயில் வண்டி பயணிகளோடு கடலுள் மூழ்கியது. அதற்கு முன்வரை இரயிலில் தனுஷ்கோடி சென்று, அங்கிருந்து கப்பலேறித் தலைமன்னார் சேர்வது வழக்கம். புயலுக்குப் பின் அரசு அவ்வூரை வாழத் தகுதியற்றது என்று அறிவித்தது. கப்பல் வந்து நின்ற துறை சிதைந்த பதினைந்தே மாதங்களில், அந்தப் பழைய கப்பல் வழியில், தனி மனிதர் ஒருவர் இரு கைகளின் வலிமையால் வந்து சேர்ந்தார். இடிந்த சுவர்களே அவர் முன் நின்றன. தமிழ் இலக்கியத்தில் கடல்கோள்களைப் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் நமக்கு இக்காட்சி நினைவில் எழும்.

இவ்விடத்தில் ஒன்றைத் திருத்திச் சொல்வது நம் கடமை. பாக் நீரிணையை முதலில் நீந்தியவர் மிஹிர் சென் என்று சிலர் எழுதுவர். முதல் இந்தியர் என்பதே சரி. 1954 இலேயே யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி என்னும் தமிழர் வல்வெட்டித்துறைப் பகுதியிலிருந்து கோடியக்கரைக்கு நீந்தி வந்துவிட்டார். 1971 இல் வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஆழிக்குமரன் ஆனந்தன் இக்கரை வந்து, மீண்டும் அக்கரைக்கே நீந்திச் சென்றார். அவர் 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்த முற்பட்டு, அம்முயற்சியிலேயே உயிர் நீத்தார். கால்வாயின் கொடுமை எத்தகையது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. இவ்விருவர் வரலாறும் விரிவாக எழுதப்பட வேண்டியவை. நம் மாணவருள் ஒருவர் அதனை ஆய்வுப் பொருளாகக் கொள்வாராயின் மகிழ்வோம்.

தனுஷ்கோடியில் கரையேறிய மிஹிர் சென் அவ்வாண்டு ஓயவில்லை. ஆகஸ்டு 24 ஆம் நாள் ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவிற்கு ஜிப்ரால்டர் நீரிணையை 8 மணி 1 நிமிடத்தில் கடந்தார். ஆசியருள் இதனைச் செய்த முதல்வர் இவரே. ஜிப்ரால்டர் என்பது ஜபல் தாரிக், அதாவது தாரிக்கின் மலை, என்னும் அரபுச் சொல்லின் திரிபு. கி.பி. 711 இல் தளபதி தாரிக் இப்னு ஸியாத் ஆப்பிரிக்காவிலிருந்து அந்நீரிணையைக் கடந்து ஸ்பெயின் மண்ணில் இறங்கினார். திரும்பிச் செல்ல வழியிருத்தலாகாது என்று அவர் கப்பல்களை எரித்தார் எனவும் ஒரு கதை வழங்கும்; வரலாற்றாசிரியர் அதனை ஐயுறுவர். தாரிக் வந்த நீரில் அவர் சென்ற திசைக்கு எதிர்த்திசையில் சென்றார் மிஹிர் சென். தாம் முதன்முதலில் இலண்டனுக்குச் சென்றபோது கையில் திரும்பும் சீட்டு இல்லாதிருந்ததை அவர் அங்கே நினைத்தாரோ என்னவோ, நமக்கு நினைக்கத் தோன்றுகிறது.

செப்டம்பர் 12 ஆம் நாள் துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணையில் இறங்கினார். ஆங்கிலக் கவிஞர் பைரன் 1810 இல் அந்நீரிணையின் அகலத்தை நீந்திக் கடந்து, அதனைத் தம் வாழ்நாட் பெருமையாகக் கருதினார். மிஹிர் சென் நீந்தியது அகலத்தை அன்று, நீளத்தை. கல்லிப்போலியிலிருந்து செத்துல்பஹர் வரை 40 மைல். 13 மணி 55 நிமிடம். அவ்வாறு நீளவாட்டில் நீந்திய உலகின் முதல் மனிதர் இவர். மேல்நீர் அங்கு மர்மராக் கடலிலிருந்து ஏஜியன் கடலை நோக்கி ஓடுமாதலால் நீரோட்டம் இவருக்குத் துணைசெய்தது என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் 14 மணி நேரம் நீரோட்டம் ஒருவரைத் தானே சுமந்து செல்லாது. 1915 இல் முதல் உலகப்போரில் ஆயிரக்கணக்கானோர் மடிந்த இடம் அது. இந்தியப் படைவீரரும் அங்கே போரிட்டனர். கிலாபத் இயக்கக் காலத்தில் துருக்கியின் பெயர் நம் பாட்டனார் தலைமுறையினர் நாவில் எத்துணை உணர்ச்சியோடு ஒலித்தது என்பதைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதே மாதத்தில் இஸ்தான்புல் நகரை இரண்டாகப் பிரித்தோடும் பாஸ்பரஸ் நீரிணையையும் 4 மணி நேரத்தில் நீந்தினார்.

இறுதியாகப் பனாமாக் கால்வாய். 1914 இல் திறக்கப்பட்ட இது மனிதர் வெட்டிய வழி. கடலிலிருந்து வரும் கப்பல் நீர்த்தொட்டிகளில் படிப்படியாக 26 மீட்டர் உயர்த்தப்பட்டு, ஏரி வழியே சென்று, மறுபுறம் மீண்டும் இறக்கப்படும். 1928 இல் அதனை நாள்தோறும் சிறிது சிறிதாக நீந்திய ரிச்சர்டு ஹாலிபர்ட்டன் என்னும் அமெரிக்கரிடம், கப்பலுக்கு விதிப்பது போலவே எடை பார்த்து 36 சென்ட் சுங்கம் பெற்றனராம். மிஹிர் சென் அக்டோபர் 29 முதல் 31 வரை, 34 மணி 15 நிமிடம் நீந்தி 50 மைல் நீளத்தையும் முடித்தார். அமெரிக்கர் அல்லாதாருள் அதனைச் செய்த முதல்வர் இவர். ஏப்ரலில் தொடங்கி அக்டோபரில் முடிந்த இந்த ஐந்து நீச்சல்களும் ஒரே ஆண்டின் செயல்கள். 1967 இல் பத்மபூஷண் விருது வந்தது. ஓராண்டில் ஐந்து என்னும் இச்சாதனை 28 ஆண்டுகள் நிலைத்தது. 1994 இல் அதனை விஞ்சி, ஆறு நீரிணைகளை நீந்தியவன் பன்னிரண்டு வயதே ஆன தமிழ்நாட்டுச் சிறுவன் குற்றாலீசுவரன். அவனும் முதலில் கடந்தவற்றுள் ஒன்று பாக் நீரிணையே.

நீச்சல், அம்பெய்தல், குதிரையேற்றம் ஆகியவற்றைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்குமாறு கலீபா உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் வலியுறுத்தினார்கள் என்று நம் பெரியோர் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் மரக்கலம் செலுத்திக் கீழைநாடுகள் வரை சென்ற சமுதாயம் நம்முடையது. உள்நாட்டு ஊர்களில் குடியேறிய நாமோ கிணற்றை எட்டிப் பார்க்கவும் பிள்ளைகளை விடுவதில்லை. இது குறித்து நம் கல்லூரியின் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் பேச எண்ணியிருக்கிறோம்.

மிஹிர் சென்னின் பிற்கால வாழ்க்கை துன்பம் நிறைந்தது. 1977 இல் மேற்கு வங்கத் தேர்தலில் சுயேச்சையாக நின்று தோற்றார். அதன்பின் தொழில் தகராறுகளும் அரசியற் பகையும் சூழ, வளமாக நடந்த பட்டு வணிகம் நொறுங்கிற்று. ஈட்டிய பொருள் கரைந்தது. ஐம்பது வயதைக் கடந்த சில ஆண்டுகளில் நினைவு மறக்கும் நோய் பற்றியது. கைகால் நடுக்கும் பார்க்கின்சன் நோயும் உடன் சேர்ந்தது. 34 மணி நேரம் சலிக்காமல் நீரை வலித்த அக்கைகள் கட்டுக்கு அடங்காமல் நடுங்கின. தாம் கடந்த கடல்களின் பெயர்களையே அவர் மறந்தார். நாடு அதற்கு முன்பே அவரை மறந்திருந்தது. விருது வழங்கும் நாளில் ஒளிப்படம் எடுக்கத் திரண்டோர், வழக்கும் நோயும் வந்த நாளில் வரவில்லை. வாழ்நாள் முழுதும் இவரை வருத்தியது கடலினும் கரையே என்று நமக்குத் தோன்றுகிறது. 1997 சூன் 11 ஆம் நாள் கல்கத்தாவில், தம் 66 ஆம் வயதில் மறைந்தார்.

ஒரு மாத இடைவெளியில் முதலிடத்தை இவரிடமிருந்து பெற்ற டாக்கா வீரர் பிரஜேன் தாஸ், ஓராண்டு நிறைவதற்குள், 1998 சூன் 1 ஆம் நாள் அதே கல்கத்தா நகரில் காலமானார்.